மூச்சடக்கும் வித்தை

தூத்துக்குடியை அடுத்த மாப்பிள்ளையூரணியிலிருந்து ஒரு சகோதரி நமக்கு நீண்டதொரு கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய தகப்பனார் இளம் பிராயத்தில் சங்கு குளித்தவர். பாட்டனார் முத்துக் குளித்தவர். தகப்பனாருக்கு ஆறு மாதமாகக் குரல் கம்மிப் போயிருக்கிறது. பனங்கற்கண்டு, மிளகு, சித்தரத்தை எல்லாம் தம்மாலானதைச் செய்து பார்த்துவிட்டுத் தோற்றுப் போயின. பிறகு டாக்டர் கண்ணாடி வைத்துப் பார்த்ததில், குரல் நாணின்மேல் ஒரு சிறு வளர்ச்சி இருப்பது தெரிந்தது. அதை வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டுமாம். இதுவரையில் கிழவர் சம்மதித்துவிட்டார். ஆனால் டாக்டர் மேலும் சொன்ன ஒரு வார்த்தைதான் வீட்டையே கலக்கிவிட்டது. தொண்டைக்குள் குழாய் எதுவும் இறக்காமல், மூக்கின் வழியாகப் பிராணவாயுவை வேகமாகச் செலுத்திக்கொண்டே சிகிச்சை செய்வார்களாம். அந்தச் சமயத்தில், ஏறக்குறைய இருபது நிமிஷம், அவர் மூச்சே விடமாட்டாராம்!

"நான் கடலுக்கடியில் மூச்சடக்கினவன். என் காலத்தில் ஒன்றரை நிமிஷம் இருந்தாலே பெரிய ஆள் என்பார்கள். இருபது நிமிஷம் மூச்சு விடாமலிருந்து எழுந்து வந்தவன் எவனும் கிடையாது. இந்த டாக்டர் யாரிடம் கதை அளக்கிறார்?" என்று தகப்பனார் கேட்கிறாராம். கையெழுத்துப் போட மறுக்கிறாராம். "நீங்களாவது விளக்கிச் சொல்லக் கூடாதா?" என்று சகோதரி கேட்டிருக்கிறார்.

கிழவருடைய சந்தேகத்தை அலட்சியம் செய்ய நமக்கு மனம் வரவில்லை. மூச்சைப் பற்றிப் பேசுவதற்கு இந்நாட்டில் யாருக்கேனும் பாத்தியதை உண்டென்றால், அது அந்தக் கடற்கரைக்காரர்களுக்குத்தான் உண்டு. கொற்கையில் பாண்டியர்கள் அரசு செலுத்திய நாளிலிருந்து அவர்கள் மூச்சை அடக்கி முத்தெடுத்து வந்திருக்கிறார்கள். காலிலே கல்லைக் கட்டிக்கொண்டு ஐந்து முதல் பத்துப் பாக ஆழம் வரை இறங்குவதும், கைக்கு எட்டிய சிப்பிகளை வாரிப் பையில் போட்டுக்கொண்டு கயிற்றை அசைப்பதும், தோணியில் நிற்பவன் இழுத்து மேலே கொண்டுவருவதும் ஒரு நிமிஷத்துக்குள், மிஞ்சினால் ஒன்றரை நிமிஷத்துக்குள், முடிந்துவிடும் காரியங்கள். 1955 முதல் 1961 வரையில் நடந்ததே அந்தக் கரையின் கடைசி முத்துக்குளிப்பு. அதன் பிறகு சிப்பி வளம் போதாமல் அது நின்றுவிட்டது. சங்கு குளிப்பு மட்டும் தொடர்ந்தது. ஆகவே கிழவர் சொல்லும் கணக்கு அநுபவக் கணக்கு. அதில் பிசகு கிடையாது. டாக்டர் சொல்லும் கணக்கிலும் பிசகு கிடையாது. இரண்டும் எப்படிப் பொருந்தும் என்பதுதான் விஷயம்.

நாம் ஏன் மூச்சு விடுகிறோம்? "பிராணவாயு வேண்டும் என்பதற்காக" என்று பள்ளிக்கூடத்துப் பையன்கூடச் சொல்லிவிடுவான். அது பாதி விடைதான். சுவாசத்தில் ஒரு வரவு இருப்பது போல ஒரு செலவும் இருக்கிறது. பிராணவாயு உள்ளே வர வேண்டும். தேகத்திலே உண்டாகும் கரியமிலவாயு வெளியே போக வேண்டும். இதில் வேடிக்கை என்னவென்றால், மூச்சை அடக்கிக்கொண்டிருப்பவனை "போதும், மேலே போ!" என்று பிடரியில் கை கொடுத்துத் தள்ளுவது பிராணவாயுவின் குறைவு அல்ல, கரியமிலவாயுவின் மிகுதியே. குளிக்கிறவன் நீரில் இறங்குமுன் பலமுறை வேகமாக மூச்சு வாங்கிக் கரியமிலவாயுவை அளவுக்கு மேல் வெளியேற்றிவிட்டானானால், அந்த எச்சரிக்கை தாமதமாகிறது. பிராணவாயு தீர்ந்து போவது அவனுக்குத் தெரிவதில்லை. அதிலும், ஆழத்திலே நீரின் அழுத்தத்தால் நுரையீரலில் போதிய வலுவோடு இருந்த பிராணவாயு, மேலே வர வர அழுத்தம் குறைந்து வலுவிழக்கிறது. கரைக்கு இன்னும் இரண்டு பாகம் இருக்கும்போது, வலியில்லாமல், பயமில்லாமல் நினைவு தப்பிவிடுகிறது. நல்ல நீச்சல்காரர்கள் மேல்மட்டத்துக்கு மிக அருகில் வந்து மாண்டுபோவதன் மர்மம் இதுவே.

இந்த இரட்டைக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு, சகோதரியின் ஊர்ப் பெயரையே நாம் உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். நுரையீரலை ஓர் ஊரணி என்று பாவியுங்கள். சாதாரணமாக மூச்சு விட்டு ஓய்ந்த நிலையில் அதில் இரண்டு அல்லது இரண்டரை லிட்டர் காற்று தங்கியிருக்கிறது. ஆனால் அவ்வளவும் குடிதண்ணீர் அல்ல. காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் பிராணவாயு. ஆகவே ஊரணியில் இருக்கும் நல்ல நீர் அரை லிட்டருக்கும் குறைவு. சும்மா படுத்திருக்கும் மனிதன் நிமிஷத்துக்குச் சுமார் 250 மில்லி லிட்டர் பிராணவாயுவைச் செலவழிக்கிறான். அரை லிட்டர் எத்தனை நிமிஷம் காணும்? இரண்டு நிமிஷம் காண்பதே கஷ்டம். கடலில் குளிக்கிறவர் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொண்டு இறங்குகிறார், கையிருப்பு அதிகம். ஆனால் கை கால்களை அசைத்து வேலை செய்கிறார், செலவும் அதிகம். கிழவருடைய ஒன்றரை நிமிஷம் இவ்வாறு சரியாகக் கணக்காகிவிடுகிறது.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் இங்கே ஒரு தந்திரம் செய்கிறார். மருந்தைச் செலுத்துவதற்கு முன் சில நிமிஷம் நோயாளியைச் சுத்தப் பிராணவாயுவையே சுவாசிக்கச் சொல்லுகிறார். ஊரணியிலிருந்த உபயோகமற்ற நீரெல்லாம் வெளியேறி, கரை மட்டும் நல்ல தண்ணீராக நிரம்புகிறது. இப்போது நிமிஷத்துக்கு 250 மில்லி லிட்டர் இறைத்தாலும், திடகாத்திரமான ஒரு மனிதனுக்கு எட்டு நிமிஷம் வரையில் தாங்கலாம். இது புதிய சங்கதி அல்ல. உலகமெங்கும் ஆஸ்பத்திரிகளில் தினந்தோறும் செய்கிற காரியந்தான். பருத்த சரீரமுள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இந்த அவகாசம் வெகுவாகக் குறைந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

மற்ற சிகிச்சைகளுக்கு இந்த எட்டு நிமிஷம் தாராளமாகப் போதும். அதற்குள் மூச்சுக்குழலில் ஒரு குழாயை இறக்கி, யந்திரத்தோடு இணைத்து, நோயாளிக்குப் பதிலாக யந்திரமே மூச்சு விடும்படி செய்துவிடுவார்கள். வாய் வழியாகக் குழாயை இறக்கி மயக்கம் கொடுக்கும் முறையை 1878-இல் கிளாஸ்கோ நகரத்து டாக்டர் மக்கீவென் கையாண்டு காட்டினார். வயிற்றில் சிகிச்சை, காலில் சிகிச்சை என்றால் அந்தக் குழாயால் யாருக்கும் தொந்தரவில்லை. தொண்டையில் சிகிச்சை என்றால்தான் சங்கடம். ஒற்றை வாசல் வீட்டிலே ஒருவர் மூட்டையோடு வாசலில் நிற்க, மற்றொருவர் உள்ளே போய் ஒட்டடை அடிக்க வேண்டும் என்றால் எப்படி? குரல்வளைதான் அந்த வாசல். ரணசிகிச்சை டாக்டர் வெட்ட வேண்டிய இடமும் அதுவே. மயக்க மருந்து டாக்டர் மூச்சை அனுப்ப வேண்டிய வழியும் அதுவே. குழாய் சுண்டு விரல் பருமனிலும் குறைவுதான். ஆனாலும் அது இரண்டு குரல் நாண்களுக்கும் நடுவே கிடந்து பார்வையை மறைக்கும். வளர்ச்சி பின்புறத்தில் இருந்தால் கண்ணுக்கே தட்டுப்படாது. மூச்சுக்குழல் சுருங்கிப் போயிருந்தாலோ, குழாய் நுழையவே நுழையாது.

இதற்கு எத்தனையோ உபாயங்கள் செய்து பார்த்தார்கள். மெல்லிய குழாய் போட்டார்கள். 1967-இல் சாண்டர்ஸ் என்பவர் ஊசி போன்ற துவாரத்தின் வழியாகப் பிராணவாயுவைப் பீறிட்டு அடிக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அது நல்ல முறைதான். ஆனால் உள்ளே அடித்த வாயு வெளியே வர வழியில்லாமற் போனால் நுரையீரல் வெடித்துவிடும். வேறு சிலர், குழாயைப் போடுவதும், எடுத்துவிட்டுச் சில நிமிஷம் வெட்டுவதும், மறுபடி போடுவதுமாகக் காலம் தள்ளினார்கள். எதிலும் டாக்டருடைய ஒரு கண் கடிகாரத்தின் மேலேயே இருந்தது. அவசரப்பட்டுக் குரல் நாணில் ஒரு மயிரிழை அதிகமாக வெட்டிவிட்டால், அந்தக் குரல் பழையபடி திரும்புவதில்லை.

இனிமேல்தான் புதிய முறைக்கு வருகிறோம். இதில் நோயாளியின் இரண்டு நாசித் துவாரங்களிலும் மிருதுவான இரண்டு முனைகள் வைக்கப்படுகின்றன. அவற்றின் வழியே நிமிஷத்துக்கு 60 அல்லது 70 லிட்டர் பிராணவாயு உள்ளே பாய்கிறது. இவ்வளவு வேகத்தில் உலர்ந்த, குளிர்ந்த வாயுவை அடித்தால் மூக்கும் தொண்டையும் புண்ணாகிவிடும். ஆகையால் ஒரு யந்திரம் அதைத் தேகத்தின் உஷ்ணத்துக்கே, அதாவது 37 டிகிரிக்குச் சூடாக்கி, நீராவியால் ஈரமாக்கி அனுப்புகிறது. மயக்க மருந்தை நரம்பு வழியாகவே கொடுக்கிறார்கள். தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொடுப்பதால் சுவாசம் நின்றுவிடுகிறது. குரல்வளை அசைவற்று, குழாய் ஏதும் குறுக்கே இல்லாமல், டாக்டருடைய பூதக் கண்ணாடிக்கு முன்னே திறந்து கிடக்கிறது.

"அது சரி, மூச்சை உள்ளே இழுக்காமல் பிராணவாயு எப்படி நுரையீரலுக்குள் போகும்?" என்று கிழவர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். நுரையீரலிலிருந்து நிமிஷத்துக்கு 250 மில்லி லிட்டர் பிராணவாயு இரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. அதற்கு ஈடாகக் கரியமிலவாயு திரும்பி வர வேண்டும் அல்லவா? மூச்சு ஓடாத நிலையில் அது மிகச் சொற்பமாகவே நுரையீரலுக்கு வருகிறது. பெரும் பகுதி இரத்தத்திலும் தசைகளிலுமே கரைந்து தங்கிவிடுகிறது. ஆகவே நுரையீரலில் ஓயாமல் இடம் காலியாகிக்கொண்டிருக்கிறது. ஊரணியில் நீர் குறையக் குறைய, வாய்க்காலில் நிற்கும் தண்ணீர் தானாகவே சரிந்து உள்ளே வருவது போல, தொண்டையில் நிரம்பி நிற்கும் பிராணவாயு அந்த இடத்தை நிரப்ப உள்ளே இறங்குகிறது. யாரும் இழுக்க வேண்டியதில்லை. வாய்க்கால் அடைபடாமல் இருந்தால் மட்டும் போதும்.

கடலுக்கடியில் இருந்தவருக்கு இந்த வாய்க்கால் கிடையாது. கொண்டுபோன குடத்துத் தண்ணீரோடு சரி. அதனால்தான் அவருக்கு ஒன்றரை நிமிஷம். இவருக்கு இருபது நிமிஷம்.

வாய்க்கால் தத்துவத்தை வைத்தியர்கள் வெகு காலத்துக்கு முன்பே அறிந்திருந்தார்கள். 1959-இல் அமெரிக்காவில் புரூமின் என்பவரும் அவருடைய சகாக்களும் எட்டு நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். அரை மணிக்கும் மேற்பட்டுச் சுவாசம் நின்றிருந்தபோதும் பிராணவாயு குறையவில்லை. ஆனால் கணக்கின் மற்றொரு பக்கம் இருக்கிறதே! கரியமிலவாயு இரத்தத்தில் ஏறிக்கொண்டே போயிற்று. ஒருவருக்கு இயல்பான அளவைப்போல் ஆறு மடங்கை எட்டியது. கரியமிலவாயு மிகுந்தால் இரத்தம் புளித்துப் போகும். இருதயம் தாளம் தப்பும். மூளையில் அழுத்தம் ஏறும். வரவு தாராளம், கழிவுக்கு வழியில்லை என்ற இந்தக் காரணத்தாலேயே அந்த முறை அநேக வருஷங்கள் புத்தகத்திலேயே தூங்கிக்கொண்டிருந்தது.

அதை எழுப்பிவிட்டவர்கள் லண்டன் நகரத்தில் காது மூக்கு தொண்டைக்கென்றே உள்ள ஆஸ்பத்திரி ஒன்றைச் சேர்ந்த டாக்டர் அனில் பட்டேலும் டாக்டர் ரெஸா நூராயியும். குழாய் போடுவது கடினமான 25 தொண்டை நோயாளிகளுக்கு இவ்வாறு வேகமாகப் பிராணவாயு செலுத்திப் பார்த்து, 2015-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூச்சு நின்றிருந்த நேரம் நடுத்தரமாக 14 நிமிஷம். ஒருவருக்கு மட்டும் 65 நிமிஷம். ஒருவருக்குக்கூடப் பிராணவாயு அபாயகரமாக இறங்கவில்லை. அதைவிட ஆச்சரியம், கரியமிலவாயு பழைய ஆராய்ச்சிகளில் ஏறியதைக் காட்டிலும் மிக மெதுவாகவே ஏறிற்று. வேகமாகப் பாயும் வாயு தொண்டையில் சுழித்து அங்குள்ளதைக் கழுவுகிறது, இருதயம் துடிக்குந்தோறும் பக்கத்திலுள்ள நுரையீரல் சற்றே அசைந்து உள்ளிருப்பதை மேலே தள்ளுகிறது, இவ்விரண்டும் சேர்ந்து கழிவுக்கும் ஒரு சிறு வழி செய்கின்றன என்று விளக்கம் சொன்னார்கள். 2017-இல் சுவீடன் தேசத்து டாக்டர்கள் 30 பேருக்கு இம்முறையில் குரல்வளைச் சிகிச்சை செய்தார்கள். சராசரி 22 நிமிஷத்துக்கும் மேல் சுவாசம் நின்றிருந்தது. மாப்பிள்ளையூரணி டாக்டர் சொன்ன இருபது நிமிஷம் ஆகாசத்திலிருந்து விழுந்ததல்ல என்பதைக் கிழவர் இதிலிருந்து கண்டுகொள்ளலாம்.

ஆனால் பத்திரிகைக்காரர்களுக்குரிய உற்சாகத்தில் நாம் எல்லாவற்றையும் பொன்னென்று சொல்லிவிடக் கூடாது. கரியமிலவாயுவும் கழுவப்படுகிறது என்ற சங்கதியைப் பின்னால் வந்த சில ஆராய்ச்சிகள் ஒப்புக்கொள்ளவில்லை. குழந்தைகள் விஷயத்தில் அந்த லாபம் தென்படவே இல்லை. ஆகவே, வரவு நிச்சயம். கழிவு சந்தேகம் என்று வைத்துக்கொள்வதே விவேகம். இருதயக் கோளாறு உள்ளவர்களுக்கும், மூளையில் அழுத்தம் உள்ளவர்களுக்கும் இது ஏற்றதல்ல.

இங்கே ஒரு சிறு யந்திரத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. கொரோனாக் காலத்தில் விரல் நுனியில் மாட்டிப் பார்க்கும் கருவி வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. "99 காட்டுகிறது, இனிப் பயமில்லை" என்று பாட்டிமார்கூடச் சொல்லப் பழகிவிட்டார்கள். அந்தக் கருவி வரவுக் கணக்கை மட்டுமே படிக்கும். அது 99 காட்டிக்கொண்டிருக்கும்போதே கழிவுக் கணக்கு தலைக்கு மேல் போயிருக்கலாம். குழாய் போட்டிருந்தால் வெளிவரும் மூச்சிலிருந்தே கரியமிலவாயுவை அளந்துவிடலாம். இந்த முறையில் வெளிமூச்சே இல்லை. தோலின் மேல் வைத்து அளக்கும் கருவி வேண்டும்; அல்லது இரத்தத்தை எடுத்துப் பார்க்க வேண்டும்; இரண்டும் இல்லாவிட்டால் கடிகாரத்தைப் பார்த்து, குறித்த நிமிஷத்தில் நிறுத்திவிடும் மனோதிடமாவது வேண்டும்.

வேறொரு பெரிய அபாயம் நெருப்பு. சில வளர்ச்சிகளை லேசர் என்னும் ஒளிக்கதிரால் சுட்டு எடுப்பதுண்டு. பிராணவாயு நிரம்பிய தொண்டையில் சுடுகதிர் பட்டால், பஞ்சோ நூலோ, ஏன் தசையேகூடத் தீப்பற்றிக்கொள்ளும். இது நடந்திருக்கிற சங்கதி. லேசர் உபயோகிப்பதாயிருந்தால் இந்த முறை வேண்டவே வேண்டாம் என்று சொல்லும் நிபுணர்கள் உண்டு.

இன்னொன்று, வாய்க்கால் எப்போதும் திறந்திருக்க வேண்டும். தாடை சரிந்தாலும், நாக்கு பின்னால் விழுந்தாலும், இரத்தம் கட்டினாலும் எழுபது லிட்டரும் வெளியேதான் வழியும். ஒரு சொட்டும் உள்ளே இறங்காது. ஆகையால், எந்த விநாடியிலும் குழாயைப் போட்டுவிடத் தயாராக ஒருவர் தலைமாட்டில் நிற்க வேண்டும். தோணியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் முகத்தை வேறு பக்கம் திருப்பமாட்டான் அல்லவா? கயிற்றில் நம்பிக்கை வைத்தா குளிக்கிறவன் இறங்குகிறான்? கயிற்றைப் பிடித்தவனிடம் வைத்த நம்பிக்கையில்தான் இறங்குகிறான்.

நிற்க, இந்த வேகத்துக்கு வேண்டிய பிராணவாயு எங்கிருந்து வருகிறது? ஆள் உயரச் சிலிண்டர் ஒன்றில் சுமார் 7,000 லிட்டர் அடைத்திருப்பார்கள். நிமிஷத்துக்கு 70 லிட்டர் வீதம் இருபது நிமிஷத்துக்கு 1,400 லிட்டர். ஆகவே ஐந்து தொண்டைச் சிகிச்சைக்கு ஒரு சிலிண்டர் தீர்ந்தது. இதே யந்திரத்தைக் கொரோனா நோயாளிகளுக்கு இரவு பகலாக ஓட்டியபோது, ஒரு சிலிண்டர் இரண்டு மணி நேரங்கூட நீடிக்கவில்லை. 2021-ஆம் வருஷம் ஏப்ரல், மே மாதங்களில் தேசம் முழுவதும் பிராணவாயுவுக்குத் தவித்ததை யார் மறப்பார்கள்? தூத்துக்குடிக்காரர்கள் நிச்சயமாக மறக்கமாட்டார்கள். தங்கள் காற்றைக் கெடுக்கிறதென்று எதிர்த்து அந்த ஊர் ஜனங்கள் கிளர்ச்சி செய்ததும், 2018 மே மாதத் துப்பாக்கிப் பிரயோகத்தில் 13 பேர் மாண்டதும், அதன் பின் அந்த ஸ்டெர்லைட் தாமிர ஆலை மூடப்பட்டதும் சரித்திரம். அதே ஆலை வளாகத்திலிருந்த பிராணவாயுப் பிரிவை மட்டும் நடத்தலாமென்று 2021 ஏப்ரல் 27-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அந்த வருஷம் ஜூலை வரையில் அந்த அனுமதி இருந்தது. காற்றுக்காகப் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊரிலிருந்து, காற்றில்லாமல் தவித்த மற்ற ஊர்களுக்குப் பிராணவாயு லாரிகள் புறப்பட்டன. இந்த விஷயத்தில் நாம் யாருக்கும் பரிந்து பேச வரவில்லை. அந்தக் கரையின் ஜனங்கள் மூச்சுக்காகச் செலுத்திய கிரயம் பெரிது என்பதை மட்டும் குறிப்பிடுகிறோம்.

அந்தச் சங்கடத்திலிருந்து ஒரு நன்மையும் விளைந்தது. பெரிய நகரங்களில் மட்டும் இருந்த இந்த மூக்கு யந்திரங்கள் ஜில்லா ஆஸ்பத்திரிகளுக்கும் வந்து சேர்ந்தன. நம் தேசத்திலேயே சில கம்பெனிகள் அவற்றைச் செய்யவும் தொடங்கின. கொரோனா ஓய்ந்ததும் அவற்றைத் துணி போட்டு மூடி ஓர் அறையில் வைத்துவிடுவது பெரும் பிழையாகும். சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் விட்ட துறைமுகத்தின் ஜனங்கள், ஒரு தொண்டைச் சிகிச்சைக்காகச் சென்னைக்கு ரயிலேற வேண்டும் என்பதில் என்ன கௌரவம் இருக்கிறது? யந்திரத்தோடு, அதை அறிந்த டாக்டரும், தோலின் மேல் வைக்கும் அந்த அளவுகருவியும், தடையில்லாத பிராணவாயுக் குழாயும் எல்லா ஜில்லாத் தலைநகரங்களிலும் இருக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். முன்னது இருந்து பின்னவை இல்லாவிட்டால், இல்லாததைக் காட்டிலும் அது அதிக அபாயம்.

இனி, சகோதரி செய்ய வேண்டியவை. டாக்டரிடம் தயங்காமல் மூன்று கேள்விகள் கேட்கட்டும். எத்தனை நிமிஷத்தில் நிறுத்துவீர்கள்? கரியமிலவாயுவை எதனால் அளப்பீர்கள்? லேசர் உண்டா, இல்லையா? நல்ல டாக்டர் இவற்றுக்காகக் கோபிக்கமாட்டார். தகப்பனார் பீடி, சுருட்டு, புகையிலை பழக்கமுள்ளவரானால் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இருதயத்துக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து சாப்பிடுகிறவரானால் அதையும் சொல்ல வேண்டும்.

சிகிச்சைக்கு ஆறு மணி நேரம் முன்னாலிருந்தே ஆகாரம் கூடாது. நம்முடைய வீடுகளில், "பாவம், வெறும் வயிற்றோடு போகிறாரே, ஒரு வாய் காப்பிதானே!" என்று சமையலறையிலிருந்து ஒரு டம்ளர் ரகசியமாக வரும். பால் கலந்த காப்பியும் ஆகாரமே. குழாய் போட்டிருந்தால், வயிற்றிலிருந்து மேலே வருவது நுரையீரலுக்குள் போகாமல் அது ஓரளவு தடுக்கும். இந்த முறையில் அந்தக் காவலும் இல்லை. ஆகவே அன்பு மிகுந்த அந்த டம்ளரை அன்று ஒரு நாள் அடுப்பங்கரையிலேயே நிறுத்திவிட வேண்டும். வெறும் தண்ணீர் மட்டும் இரண்டு மணி நேரம் முன்பு வரையில் கொடுக்கலாம். அதையும் டாக்டரைக் கேட்டே கொடுக்க வேண்டும்.

மற்ற நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜலதோஷத்தால் வரும் தொண்டைக் கட்டு இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். மூன்று வாரம் தாண்டியும் குரல் தெளியாவிட்டால், கற்கண்டை ஓரமாக வைத்துவிட்டு, தொண்டை டாக்டரிடம் போய்க் குரல்வளையைப் பார்க்கச் சொல்லுங்கள். சகோதரியின் வீட்டில் ஆறு மாதம் போய்விட்டது. இனி ஒரு வாரமும் போகவிட வேண்டாம்.

சிகிச்சை முடிந்த பிறகு டாக்டர் சொல்லும் நாள் வரையில் கிழவர் பேசக் கூடாது. ரகசியக் குரலிலும் பேசக் கூடாது. அது சாதாரணப் பேச்சைப் போலவே குரல் நாண்களை வருத்தக்கூடியது. கைக்கெட்டும் இடத்தில் ஒரு சிலேட்டும் பலப்பமும் வைத்துவிடுவது நல்லது.